கைக்குழந்தையோடு முதற் கடற்பயணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், மகளிர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் ஏறினால் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். சென்ற ஆண்டு நானும் சிலம்பைப் பற்றித்தான் பேசினேன். இவ்வாண்டோ செயலாளர் அவர்கள் எனக்கு வேறொரு பொருளைத் தந்துவிட்டார்கள். நம் காலனியில் மூன்று குடும்பத்தார் வரும் விடுமுறையில் கப்பற்பயணம் போக எண்ணியிருக்கின்றனர். மூன்று வீட்டிலும் மூன்று வயது நிரம்பாத குழந்தை உண்டு. சென்ற திங்கள் சங்க நூலகத்தில் அவர்களுள் ஒரு தாய் என்னிடம், "ஐயா, நீங்கள் பேத்தியோடு கப்பலில் போய் வந்தவராயிற்றே, நாங்கள் போகலாமா, கூடாதா? ஒரே சொல்லாகச் சொல்லுங்கள்" என்று கேட்டார். ஒரே சொல்லால் விடை கூற என்னால் இயலவில்லை. அன்று கூறாத விடையை இன்று விரித்துக் கூற முன்வந்திருக்கிறேன்.

இந்த ஆசை நம் ஊர்களில் இப்போது எழுந்ததில் வியப்பில்லை. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் குடியேறி வாழும் நமக்குக் கடல் தொலைவில் இல்லை. நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாறு நம் அண்டையூர். சற்று வடக்கே விழிஞ்ஞம். அங்கே 2024 ஜூலையில் முதற் பெருங்கப்பல் வந்தணைந்தது. 2025 மே 2ஆம் நாள் துறைமுகம் நாட்டுக்கு உரிமையாக்கப்பெற்றது. மலைபோன்ற சரக்குக் கப்பல்களைக் கரையில் நின்று காட்டும்போது, "நாம் எப்போது ஏறுவது?" என்று குழந்தை கேட்கிறது. குழந்தை கேட்டால் தந்தையின் மனம் இளகாதோ?

நம் முன்னோர் இதுபற்றி என்ன கருதினர் என்பதையும் சிறிது நோக்குவோம். பெண்டிரோடு கடல் கடந்து செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியர் அகத்திணையியலில் குறித்துச் சென்றார். ஆயினும் காலம் மாறியது. 1926இல் கட்டப்பெற்ற 'ரஜுலா' என்னும் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் மக்களை ஏற்றிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டு சென்றது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்து, மார்பில் மகவை அணைத்துச் சென்ற தமிழ்த் தாய்மார் எண்ணிறந்தோர். நம் பக்கத்திலும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் 1860இல் வெட்டத் தொடங்கப்பெற்றது. பூவாற்றிலிருந்து தெற்கே குளச்சல் பக்கம் சென்ற அந்நீர்வழியில் வள்ளங்கள் ஓடின. இன்று அது பெரும்பாலும் தூர்ந்து கிடப்பினும், நீர்மேற் செல்லுதல் நமக்குப் புதிதன்று என்பதற்கு அது சான்று.

ஆகவே, போகலாமா என்பதன்று கேள்வி. எப்படிப் போவது என்பதே கேள்வி. இதற்கு நான் கண்ட விடை இதுதான்: குழந்தையோடு போகும் பயணம் நம்முடைய பயணம் அன்று, குழந்தையினுடைய பயணம். நாம் வகுத்த திட்டத்துக்குள் குழந்தையை அடைக்கலாகாது. குழந்தையின் அளவுக்குத் திட்டத்தை வெட்டித் தைக்க வேண்டும். அந்த அளவுக்கு ஒவ்வாதது எதுவாயினும், கட்டிய பணம் போவதாயினும், உற்றார் நகைப்பதாயினும், "வேண்டாம்" என்று சொல்லும் துணிவு பெற்றோர்க்கு வேண்டும். நான் சொல்லப்போகும் குறிப்புகள் யாவும் இந்த ஒன்றின் விளக்கமே.

முதலாவது, வயதும் உடல்நலமும். பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் பல, ஆறு திங்கள் நிரம்பாத குழந்தையை ஏற்றுவதில்லை. பல நாள் கரை காணாது செல்லும் வழிகளில் ஓராண்டு நிரம்பியிருக்க வேண்டும் என்பதும் உண்டு. இவ்விதி காரணமின்றி ஏற்பட்டதன்று. சிறு குழந்தைக்கு நோய் வந்தால் நடுக்கடலில் பெரிய மருத்துவமனை இல்லை. எனவே சீட்டு வாங்குவதற்கு முன்பே வயது வரம்பையும், கப்பலில் மருத்துவர் உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டறிக. உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டி, போட வேண்டிய தடுப்பூசிகளைப் போட்டுவிடுக. புறப்படும் நாளில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். கடல் எங்கும் போய்விடாது.

இரண்டாவது, ஒத்திகை. நாடகம் போடுவோர் பலமுறை ஒத்திகை பார்க்கின்றனர். திருமண வீட்டார் சமையலுக்கு முன்பே பாத்திரங்களை எண்ணிப் பார்க்கின்றனர். நீரே காணாத குழந்தையை நேராக நடுக்கடலுக்குக் கொண்டுபோவது மட்டும் அறிவுடைமை ஆகுமா? நமக்கோ ஒத்திகை மேடைகள் அருகிலேயே இருக்கின்றன. பூவாற்றின் அமைதியான காயலில் அரைமணி நேரப் படகுச் செலவு முதற்படி. கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தார் விவேகானந்தர் பாறைக்கு ஓட்டும் படகு இரண்டாம் படி. சில நிமிடங்களே ஆயினும் அதுவே உண்மையான கடலலை. குழந்தை அங்கே சிரிக்கிறதா, அஞ்சுகிறதா, வாந்தி எடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் மூன்றாம் படியாகிய கப்பலைப் பற்றி நீங்களே முடிவு செய்யலாம்.

இந்த ஒத்திகையில்தான் நான் என் வாழ்நாளில் மறவாத பாடம் ஒன்று கற்றேன். என் பேத்திக்கு அப்போது இரண்டரை வயது. மகன், மருமகள், என் துணைவியார், திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த சம்பந்தி வீட்டார் எனப் பதின்மர் படகு ஏறச் சென்றோம். படகுக்காரர் ஆளுக்கொரு மிதவைச் சட்டை தந்தார். 'லைப் ஜாக்கெட்' என்று எல்லோரும் வழங்குவது அதுதான். பேத்திக்கும் பெரியவர் சட்டையையே மாட்டி, வாரை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சட்டையின் இரு தோளையும் பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பார்த்தேன். சட்டை மட்டும் என் கையோடு வந்தது. குழந்தை கீழே நின்றது! நீரில் விழுந்திருந்தாலும் அதுவே நேர்ந்திருக்கும். சட்டை மிதக்கும், குழந்தை மூழ்கும்.

"குழந்தைக்குரிய சட்டை இல்லையா?" என்று கேட்டேன். "மடியில் வைத்துக்கொள்ளுங்கள், இத்தனை பேர் போகிறார்கள், யாருக்கு என்ன ஆயிற்று?" என்றார். சம்பந்தியார், "மாப்பிள்ளை வீட்டில் எல்லாவற்றுக்கும் அச்சம்" என்று நகைத்தார். என் மகனும் முகம் சுளித்தான். அப்போது என் மருமகள் ஒன்றும் பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஏறிவிட்டாள். "நீங்கள் போய் வாருங்கள் மாமா, நாங்கள் மணலில் விளையாடிக்கொண்டிருக்கிறோம்" என்றாள். அன்று ஒருவரும் படகில் ஏறவில்லை. வீடு திரும்பும்வரை யாரும் யாரோடும் பேசவும் இல்லை. அடுத்த வாரம் குழந்தைச் சட்டை வைத்திருந்த வேறொரு படகில் எல்லோரும் சென்று மகிழ்ந்தோம். அந்தப் பெண்ணின் துணிவை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு குளிர்கிறது.

தாய்மார்களே, இதை மிகையென்று எண்ணற்க. மலையாள நாட்டு நீர்நிலைகள் நமக்குக் கற்பித்த பாடங்கள் கொடியவை. 1924 ஜனவரி 16ஆம் நாள் பல்லனையாற்றில் 'ரிடீமர்' என்னும் படகு கவிழ்ந்து மகாகவி குமாரன் ஆசான் மறைந்தார். 2009 செப்டம்பர் 30ஆம் நாள் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2023 மே 7ஆம் நாள் தானூரில் படகு கவிழ்ந்து 22 உயிர்கள் போயின. அவர்களுட் பெரும்பாலோர் குழந்தைகள். இவற்றில் திரும்பத் திரும்பக் காணப்படும் குற்றம் ஒன்று: அளவுக்கு மேல் ஆளேற்றுதல். தானூர்ப் படகு பொழுது சாய்ந்த பின் புறப்பட்டது. ஆகவே படகில் ஏறுமுன் ஐந்து செய்திகளைப் பாருங்கள்: எழுதியிருக்கும் ஆள்கணக்கு எவ்வளவு, ஏறியிருப்போர் எவ்வளவு, குழந்தைச் சட்டை உண்டா, பொழுது இருக்கிறதா, எல்லோரும் ஒரே பக்கம் சாயாதபடி அமர்த்துவோர் உண்டா? ஐந்தில் ஒன்று குறைந்தாலும் கரையில் நிற்பதே வீரம்.

மிதவைச் சட்டைக்கு உலகளாவிய அளவுகள் உள்ளன. கடற்பயணப் பாதுகாப்புக்கான பன்னாட்டு விதிகளின்படி, 15 கிலோவுக்கும் 100 சென்டிமீட்டருக்கும் உட்பட்ட குழந்தைக்குக் கைக்குழந்தைச் சட்டை. 15 முதல் 43 கிலோ வரையும், 100 முதல் 155 சென்டிமீட்டர் வரையும் உள்ள பிள்ளைக்குச் சிறுவர் சட்டை. ஒரு நாளும் அதற்கு மேலும் செல்லும் பன்னாட்டுப் பயணக் கப்பலில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒரு சட்டை இருந்தாக வேண்டும் என்பது விதி. எனவே புறப்படுமுன் வீட்டிலேயே குழந்தையின் எடையையும் உயரத்தையும் அளந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் ஏறியவுடன் அறைப் பணியாளரிடம் அத்தாளைக் காட்டி உரிய சட்டையைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்கு நாணம் வேண்டா. அது நம் உரிமை.

மூன்றாவது, எந்தக் கப்பல், எந்தக் காலம், எந்த அறை? நம் ஊரிலிருந்து செல்வோர்க்கு மிக அணுக்கமானது கொச்சியிலிருந்து இலட்சத்தீவுக்குச் செல்லும் கப்பல். நாங்கள் சென்றதும் அவ்வழியே. அத்தீவுக் கூட்டம் கொச்சிக்கு மேற்கே 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் பரந்து கிடக்கிறது. 36 தீவுகளுள் மக்கள் வாழ்பவை 10. இவ்வழியில் ஓடிய கப்பல்களுள் 'எம்.வி. கவரத்தி' 700 பேர் வரை ஏற்கவல்லது. அதில் இரவு கப்பலிற் படுத்து, பகலில் தீவில் இறங்கிப் பார்க்கும் சுற்றுலா நடைபெற்று வந்தது. வெளியார் இத்தீவுகளுள் கால்வைக்க முன் இசைவுச் சீட்டு வேண்டும். குழந்தைக்கும் அது தேவை. பிறப்புச் சான்றும் ஆதாரும் இல்லாமல் கொச்சி வரை சென்று துறைமுக வாயிலில் திகைத்து நிற்பதைப் போன்ற துன்பம் வேறில்லை.

உல்லாசக் கப்பலை விரும்புவோர்க்கு வேறு வழிகளும் திறந்திருக்கின்றன. 2022 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்னும் பெருங்கப்பல் உல்லாசப் பயணம் தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14ஆம் நாள் பயணிகள் கப்பல் தொடங்கப்பெற்று, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. நான்கு மணி நேர அளவே ஆகும் அப்பயணம் ஒத்திகைக்கும் ஏற்றது. ஆனால் அது அயல்நாடு. கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். இவை எல்லாம் காற்றையும் காலத்தையும் பொறுத்து மாறுவன. ஆதலால் புறப்படும் திங்களில் நேரே விசாரித்து அறிதலே முறை.

காலத்தைப் பற்றி நம் ஊர்ப் பாட்டிமாரிடம் கேட்டாலே போதும். இடவப்பாதி தொடங்கினால் மேலைக் கடல் சினங்கொள்ளும். மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை குழந்தையோடு அக்கடலில் செல்ல எண்ணவே வேண்டா. மார்கழி, தை, மாசித் திங்களில் மேலைக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பள்ளி விடுமுறைக்கு ஏற்பப் பயணத்தை அமைப்பதினும் கடலின் அமைதிக்கு ஏற்ப அமைத்தலே நலம். பள்ளி செல்லாத குழந்தைக்கு எல்லா நாளும் விடுமுறைதானே!

அறையைப் பற்றி ஒரு சொல். கப்பல் ஊஞ்சலைப் போன்றது. முனைகள் மிகுதியாக ஆடும். நடுப்பகுதி குறைவாக ஆடும். மேல்தளம் மிகுதியாகச் சாயும். கீழ்த்தளம் குறைவாகச் சாயும். எனவே கப்பலின் நடுவில், தாழ்ந்த தளத்தில், குளியலறை சேர்ந்த அறை கிடைத்தால் அதுவே குழந்தைக்கு உகந்தது. மேற்படுக்கையில் குழந்தையைக் கிடத்தலாகாது. கீழ்ப்படுக்கையில் சுவரோரம் குழந்தை, வெளிப்புறம் தாய் எனப் படுத்தலே முறை. பால்கனி உள்ள அறையாயின் நாற்காலியையும் சிறு மேசையையும் கம்பியருகே விடாதீர்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு நாற்காலி என்பது ஏணி.

நான்காவது, எடுத்துச் செல்வன. கொச்சிக்கு ஒரு நாள் முன்பே சென்று தங்குங்கள். தொடர்வண்டி காலம் தாழ்த்தலாம், கப்பல் காத்திராது. பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிச் சென்றுவிடுவர். அவை அறைக்கு வரப் பல மணி ஆகலாம். ஆதலால் முதல் அரை நாளுக்கு வேண்டியவை ஒரு தோள்பையில் தனியே இருக்க வேண்டும்: மாற்று உடை இரண்டு, அரைத்துணி, பால் கலக்கும் பொருள்கள், குடிநீர், துடைக்கும் துணி, மருந்து, குழந்தை கட்டிக்கொண்டு உறங்கும் பழந்துணியோ பொம்மையோ எதுவோ அது. இந்தப் பழந்துணியை மறந்தோர் இரவெல்லாம் விழித்திருப்பர் என்பதை என் துணைவியார் உறுதி கூறுவார். அரைத்துணி, பால்மாவு ஆகியவை கப்பற் கடையில் கிடைக்கும் என்று நம்பற்க. நாள்கணக்குக்கு மேல் இரண்டு நாளுக்கு மிகுதியாகவே கொண்டு செல்க.

உணவும் அவ்வாறே. கப்பற் சமையலில் காரம் இருக்கும். வீட்டில் அரைத்த ஏத்தங்காய் மாவு, வறுத்துப் பொடித்த புழுங்கலரிசி, அவல், ஏத்தன் பழம் ஆகியவை நம் ஊர்க் குழந்தைக்குப் பழகிய உணவுகள். வெந்நீர் கிடைத்தால் இரண்டு நொடியில் கஞ்சி ஆகிவிடும். முன்னதாகவே கப்பலாரிடம், வீட்டு உணவுப் பொருள்களை ஏற்றலாமா என்று கேட்டுக்கொள்க. தாய்ப்பால் உண்ணும் குழந்தைக்கு அதனினும் சிறந்த வழித்துணை இல்லை. பால் மறக்கச் செய்யும் முயற்சியைப் பயணம் முடியும்வரை ஒத்திவையுங்கள்.

ஐந்தாவது, கப்பலில் ஏறிய முதல் மணி. எல்லோரும் படம் எடுக்க மேல்தளத்துக்கு ஓடுவர். நீங்கள் ஓடாதீர்கள். ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்: நம் அறையிலிருந்து படிக்கட்டு எத்தனை கதவு தாண்டி இருக்கிறது? நாம் கூட வேண்டிய இடம் எது? மருத்துவர் அறை எங்கே? கப்பற் கதவுகள் இரும்பாலானவை. அலை ஆட்டத்தில் படாரென்று மூடும். வாயிற்படிகள் முழந்தாள் உயரம் இருப்பதும் உண்டு. அவ்விடங்களில் குழந்தையை நடத்தாது தூக்கிச் செல்க. விரல் நசுங்குவது நொடியில் நிகழும்.

புறப்படுமுன் ஒரு பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். ஏழு குறுஞ் சங்கொலியும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நெடுஞ் சங்கொலியும் கேட்டால் ஆபத்துக்குரிய அழைப்பு என்பது உலகப் பொதுவிதி. "குழந்தை உறங்குகிறது, நாம் வராவிட்டால் என்ன?" என்று பலர் தட்டிக்கழிப்பர். 1912இல் 'டைட்டானிக்' மூழ்கியதன் விளைவாக 1914இல் முதற் பன்னாட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் பிறந்தது. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையில் 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலர்க்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பின்னரே, ஒரு நாளுக்கு மேற்படும் பயணங்களில் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடன் பயிற்சி நடந்தாக வேண்டும் என்ற விதி 2015 முதல் வந்தது. ஒவ்வொரு விதிக்குப் பின்னும் ஒரு கண்ணீர் இருக்கிறது. நம் கடலிலேயே 2021 டிசம்பரில் 'எம்.வி. கவரத்தி'யின் எந்திர அறையில் தீப்பற்றியது. தீ அணைக்கப்பெற்றுப் பயணிகள் அனைவரும் உயிர் தப்பினர். எனவே உறங்கும் குழந்தையையும் தோளில் சாய்த்துக்கொண்டு செல்லுங்கள். ஆபத்து வந்தால் குழந்தையைத் தூக்குபவர் யார், பையை எடுப்பவர் யார் என்பதை அன்றே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். உண்மையில் எடுக்க வேண்டியது குழந்தையை மட்டுமே, பை கிடக்கட்டும்.

ஆறாவது, கடல் மயக்கம். இதில் இயற்கை ஒரு விந்தை செய்திருக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கடல் மயக்கம் பெரும்பாலும் வருவதில்லை. இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே அது மிகுதி. எங்கள் பயணத்தில் பேத்தி தளத்தில் பாடிக்கொண்டு ஓடினாள். நானும் என் மகனும் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தோம். ஆகவே பெரியோர் இருவரும் ஒரே நேரத்தில் வீழ்ந்தால் குழந்தையை யார் பார்ப்பது என்பதையும் எண்ணி வையுங்கள். வயிறு நிறைய உண்ணாமலும் வெறும் வயிறாக இராமலும், சிறிது சிறிதாக எளிய உணவு கொள்க. காற்றோட்டமான இடத்தில் அமர்ந்து தொடுவானத்தை நோக்குக. இஞ்சியும் எலுமிச்சையும் பலர்க்கு இதம் தரும். மாத்திரையோ மருந்தோ மருத்துவர் எழுதித் தந்தாலன்றிக் குழந்தைக்குக் கொடுக்கலாகாது. பெரியவர் மாத்திரையை நுள்ளிக் கால் பங்கு கொடுக்கும் பழக்கம் மிகத் தீயது. பாலூட்டும் தாயும் தாம் உண்ணும் மருந்தை முன்னரே கேட்டறிக.

வாந்தியினும் வயிற்றுப்போக்கினும் அஞ்சத்தக்கது உடலின் நீர் வற்றுதல். உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களைக் கொண்டு செல்க. உறையில் குறித்த அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, கரண்டி கரண்டியாக ஊட்டுக. பொட்டலம் இல்லையேல் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். அழும்போது கண்ணீர் வாராமை, நாவறட்சி, கண் குழிதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை ஆகியவை தோன்றினால் மருத்துவர் அறைக்கு உடனே ஓடுங்கள். பலர் கூடிய கப்பலில் வயிற்று நோய் விரைந்து பரவும். சோப்பிட்டு ஓடும் நீரில் கைகழுவுதலே சிறந்த காப்பு. கையில் தடவும் சாராயக் குழம்பு சில கிருமிகளைக் கொல்லாது. பெருங்கப்பல்கள் பலவற்றில் அரைத்துணிக் குழந்தையை நீச்சற்குளத்தில் இறக்க விடுவதில்லை. அதற்கும் இதுவே காரணம், வாதாடிப் பயனில்லை. ஒரு சிறு வாளியும் கோப்பையும் இருந்தால் குளியலறையே குழந்தைக்குக் குளம்.

கம்பியருகே நிற்றல் பற்றி மிகச் சுருங்கக் கூறுவேன். படத்துக்காகக் குழந்தையைக் கம்பிமேல் நிறுத்துவதும் உட்கார வைப்பதும் கூடவே கூடாது. தாத்தா பிடித்திருக்கிறார் என்பது கடலுக்குத் தெரியாது.

ஏழாவது, தீவில் இறங்குதல். இலட்சத்தீவில் பல இடங்களில் கரைநீர் ஆழம் குறைந்தது. கப்பல் சற்று அப்பால் நிற்க, நாம் சிறு படகுக்கு மாற வேண்டும். பயணம் முழுவதிலும் எனக்குக் கடினமாகத் தோன்றியது அந்த ஒரு நிமிடமே. படகு எழும், தாழும், பணியாளர் கைநீட்டுவர். குழந்தையைத் தூக்கியவர் வேறெதையும் தூக்கலாகாது. முதலில் ஒரு பெரியவர் இறங்கி நிற்க, பழகிய பணியாளர் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொள்ளுதல் நன்று. மிதவைச் சட்டை கப்பலிலேயே அணிந்திருக்க வேண்டும். அலை மிகுந்தால் ஒரு தீவை விட்டுவிடுங்கள். கப்பலில் இருந்தபடியே குழந்தைக்குக் கடலைக் காட்டலாம். நாங்கள் ஒரு தீவை அவ்வாறு விட்டோம். அதனால் எங்கள் வாழ்வு குறைந்துவிடவில்லை.

எட்டாவதாக ஒரு மகிழ்ச்சியான செய்தி. வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசி வளரும் நம் எல்லையோரக் குழந்தைகளுக்கு அத்தீவுகள் அயலாகத் தோன்றா. மினிக்காய் ஒழிந்த பிற தீவுகளில் வழங்கும் பேச்சு மலையாளத்தோடு நெருங்கியது. மினிக்காயில் மட்டும் மஹல் மொழி. அங்கே ஒரு மூதாட்டி என் பேத்தியிடம் ஏதோ கேட்க, அவள் தமிழில் விடை சொல்ல, இருவரும் கால்மணி நேரம் உரையாடினர். இருவர்க்கும் ஒரு சொல்லும் விளங்கியிராது; ஆயினும் இருவரும் நகைத்துக்கொண்டே இருந்தனர். 1956 நவம்பர் 1ஆம் நாள் களியக்காவிளை அருகே மாநில எல்லை வகுக்கப்பெற்றது. மொழியைக் காக்கச் சங்கம் வளர்க்கும் நாம், பிறர் மொழிக்குச் செவிகொடுக்கும் பண்பையும் குழந்தைக்குக் கற்பித்தல் வேண்டும். அதற்குப் பயணத்தினும் நல்ல பள்ளி இல்லை. அப்பள்ளிக்குச் செல்லும் குழந்தையின் சட்டைப்பையில் தந்தையின் பெயரும் கைப்பேசி எண்ணும் அறை எண்ணும் எழுதிய சீட்டு ஒன்றைத் தைத்துவிடுங்கள். மூன்று மொழிகளில் எழுதினால் இன்னும் நன்று.

அன்பர்களே, நூலகத்தில் என்னைக் கேட்ட அத்தாயார் இந்த அவையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்க்கு இப்போது விடை கூறுகிறேன். அம்மா, போய் வாருங்கள். ஆனால் பூவாற்றுக் கரையில் ஒரு பெண் செய்ததைச் செய்ய இயலும் என்று உங்கள் மனம் சொன்னால் மட்டும் போய் வாருங்கள். சட்டை பொருந்தவில்லையென்றால் இறங்கிவிட வேண்டும். காய்ச்சல் கண்டால் திரும்பிவிட வேண்டும். அலை பெருத்தால் தீவை விட்டுவிட வேண்டும். கணவரும் மாமியாரும் சிணுங்கினாலும் அசையக் கூடாது. அந்த உறுதி இருந்தால் கடல் உங்கள் குழந்தைக்கு அன்புடைய ஆசான். அது இல்லையேல் காயலும் ஆபத்தே.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். குழந்தையின் தாய் 'வேண்டாம்' என்று சொல்லும்போது நகைக்காதீர்கள். அன்று என் வீட்டார் நகைத்ததை எண்ணி இன்றும் நாணுகிறேன். ஒரு சொல்லும் பேசாது கரையேறிய அந்தப் பெண்ணுக்கு அன்று சொல்லாத நன்றியை இந்த மேடையில் சொல்லி, என் உரையை நிறைவு செய்கிறேன்.